சோவாவே ஒயினைக் கெடுக்கும் தவறுகள்

இத்தாலியில் வெரோனாவுக்குக் கிழக்கே, கோட்டையும் மதிலுமாக இருக்கும் சின்ன ஊர் சோவாவே. அந்த ஊர்ப் பெயரில் வரும் வெள்ளை ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்பென்று இருக்கிறது" என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அது ஒயினின் குற்றமே இல்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் எந்த சோவாவேயும் சப்பென்றுதான் இருக்கும். கர்கானெகா திராட்சையில் செய்யும் இந்த ஒயினுக்கு மூக்கைத் துளைக்கும் வாசனை கிடையாது. வெள்ளைப் பூக்களின் மணம், பேரிக்காய், விழுங்கியபின் நாக்கில் தங்கும் பாதாம் தோலின் லேசான கசப்பு. கடுங்குளிரில் இவையெல்லாம் அடங்கிப்போகும். 10 முதல் 12 டிகிரிதான் சரி. பாட்டிலை வெளியே எடுத்துக் கால்மணி நேரம் கழித்துத் திறங்கள்.

அப்புறம் சாப்பாடு. "வெள்ளை ஒயின் என்றால் மீன்" என்ற கணக்கு இங்கே பாதிதான் சரி. தக்காளி போட்டுக் கொதிக்கவிட்ட புளிப்பான மீன் குழம்போடு குடித்தால், ஒயினின் பழச்சுவை மறைந்து கசப்பு மட்டும் மிஞ்சும். பொரித்த மீன் நன்றாகப் பொருந்தும். அதிலும் எலுமிச்சையை அளவோடு பிழிய வேண்டும். பக்கத்து ஊரான விச்சென்சாவின் பக்காலா இதற்கு அருமையான ஜோடி. ஊறவைத்த கருவாட்டை வெங்காயம், நெத்திலி, பால், ஆலிவ் எண்ணெயோடு மணிக்கணக்கில் சிறுதீயில் வைப்பார்கள். கரண்டி போட்டுக் கிளறமாட்டார்கள், பாத்திரத்தை மட்டும் அவ்வப்போது அசைப்பார்கள். அந்தப் பாலும் எண்ணெயும் வாயில் படியும்போது ஒயினின் புளிப்பு அதைக் கழுவிவிடும். பச்சைப் பட்டாணியும் அரிசியும் சேர்த்துச் செய்யும் ரிசி எ பிசியும் அப்படித்தான். மாட்டிறைச்சி ஸ்டேக்கோடு மட்டும் வேண்டாம். ஒயின் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

லேபிளைப் பார்க்காமல் வாங்குவதும் பெரிய தவறு. 'கிளாசிக்கோ' என்று போட்டிருந்தால், அது சோவாவே, மொந்தெஃபோர்த்தே தால்போனே ஊர்களைச் சுற்றிய பழைய மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து வருவது. எரிமலைக் கரும்பாறையும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த நிலம். வெறும் 'சோவாவே' என்றால் சமவெளித் திராட்சையாகவும் இருக்கலாம். அங்கே விளைச்சல் அதிகம், சாரம் குறைவு. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கிளாசிக்கோவையே வாங்குங்கள்.

எல்லா சோவாவேயையும் ஒரே வருடத்தில் குடித்து முடிக்க வேண்டும் என்பதும் சரியில்லை. சாதாரண பாட்டிலுக்கு அது பொருந்தும். ஆனால் பியெரோபான் குடும்பம் 1971 முதல் தனித் தோட்டத்துத் திராட்சையில் செய்துவரும் கல்வாரினோ போன்றவை பத்து வருடம்கூடத் தாங்கும். தேனும் சாமந்தியும் போல மணக்கும்.

கடைசியாக, 'ரெச்சோத்தோ தி சோவாவே' என்ற பெயரைப் பார்த்து மீனுக்கு வாங்கிவிடாதீர்கள். திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திச் செய்யும் இனிப்பு ஒயின் அது. வெனெத்தோ மாநிலத்தில் முதன்முதலாக, 1998ல், இத்தாலிய ஒயின்களுக்கான மிக உயர்ந்த தரச்சான்றான டிஓசிஜி தகுதி பெற்றதும் அதுதான். வெரோனாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குப் பண்டோரோ கேக்கை வெட்டும்போது அதைத் திறப்பார்கள்.