ஐந்து சென்டிமீட்டர் பலகையில் ஓர் அகலப்பட்டை ஆண்டெனா

நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களில் ஒவ்வொரு சிறு தூணுக்கும் தனிச் சுரம் உண்டு. சாதாரண ஆண்டெனாவும் ஒற்றைத் தூண்தான். தன் நீளத்துக்கு ஏற்ற அதிர்வெண்ணில் மட்டும் நன்றாக ஒலிக்கும். பல சுரங்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அகலப்பட்டை, அதாவது பரந்த அதிர்வெண் வரம்பு, கிடைக்கும். செப்பு வட்டு ஒன்றே அதற்குப் போதும்.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2002-ல் அகலப்பட்டைக் கருவிகளுக்குத் திறந்துவிட்ட அதிர்வெண் பட்டை 3.1 கிகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நம் வட்டும் அதற்குச் சற்றுக் கீழே தொடங்கட்டும்.

முதலில் கணக்கு. வட்டின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 2.25-ஆல் பெருக்கி, தரைத்தளத்துக்கும் (பலகையின் பின்பக்கம் விடும் செப்பு) வட்டுக்கும் உள்ள இடைவெளியையும் சென்டிமீட்டரில் கூட்டுங்கள். வந்ததை 1.15-ஆல் பெருக்கி, 7.2-ஐ அதனால் வகுத்தால் கீழ் எல்லை கிகாஹெர்ட்ஸில் வரும். ஆரம் 1, இடைவெளி 0.03 என்றால் விடை ஏறக்குறைய 2.75.

அடுத்து பலகை. ஜங்ஷன் பக்கம் கடையில் பழுப்புப் பலகையை நீட்டினால் வாங்காதீர்கள். 1.6 மி.மீ. தடிமனுள்ள, இருபுறமும் செப்பு பூசிய கண்ணாடியிழைப் பலகை வேண்டும். அளவு 42 × 50 மி.மீ.

முன்பக்கம்: கீழ்விளிம்பின் நடுவிலிருந்து 3 மி.மீ. அகலமுள்ள செப்புக் கீற்று 20.3 மி.மீ. மேலேறி வட்டைத் தொட வேண்டும். இந்த அகலம்தான் கேபிளுக்கு ஏற்ற 50 ஓம் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கான தடை) தரும்.

பின்பக்கம்: கீழிருந்து 20 மி.மீ. உயரத்துக்கு மட்டும் செப்பு இருக்கட்டும். மீதி முழுவதும் போக வேண்டும். புதியவர்கள் வட்டத்தை அழகாக வரைந்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். என் முதல் பலகையில் பின்பக்கம் முழுவதும் செப்பாகவே இருந்தது. அதிர்வெண் பட்டை ஊசிபோல் ஒடுங்கிவிட்டது. வட்டின் அடிவிளிம்புக்கும் தரையின் மேல்விளிம்புக்கும் உள்ள 0.3 மி.மீ. இடைவெளிதான் மின்மறுப்பு இசைவைத் தீர்மானிக்கிறது. இரு பக்கமும் நேராக அமைய, மூலைகளில் ஊசித்துளை இட்டு அவற்றை வைத்து வரையுங்கள்.

வேண்டாத செப்பைப் பெரிக் குளோரைடில் அரிக்கும்போது பிளாஸ்டிக் தட்டும் கையுறையும் கட்டாயம். மிச்சத் திரவத்தை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். தாமிரபரணிக்குப் பெயரில் இருக்கும் தாமிரமே போதும்.

கேபிளை மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டரின் நடு ஊசியை முன்பக்கக் கீற்றிலும், கால்களைப் பின்பக்கத் தரையிலும் பற்றவையுங்கள்.

பிறகு அளவீடு. அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் வெக்டர் நெட்வொர்க் அனலைசரில் கோடு மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே இருக்கும் இடமெல்லாம் உங்கள் பட்டை. அங்கே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான திறனே திரும்பி வருகிறது. அதற்காக உடனே கொண்டாட வேண்டாம். ஒரு 50 ஓம் மின்தடையும் இதே கோட்டைக் காட்டும், ஆனால் எதையும் கதிர்வீசாது. இந்தப் பலகையும் உயர் அதிர்வெண்களில் கொஞ்சம் திறனை வெப்பமாக விழுங்கும். ஆகவே இரண்டு ஆண்டெனா செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலை போகிறதா என்றும் பாருங்கள்.

அளக்கும்போது கேபிளைக் கையால் பிடிக்காதீர்கள். தரைத்தளம் சிறியது என்பதால் கேபிளின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் பாயும். பிடித்தால் கீழ் எல்லையில் கோடு நகரும்.