பாத்திரக்கடைக்குப் போகும் முன்

அக்கா மகள் தை மாதம் கல்யாணம் முடிந்து தஞ்சாவூரில் தனிக்குடித்தனம் வைத்திருக்கிறாள். "சித்தி, நீங்களும் கூட வாங்க" என்று கும்பகோணத்துக்குக் கூப்பிட்டாள். கையில் 16 சாமான்கள் எழுதிய சீட்டு. முட்டை வேகவைக்கும் மெஷின், சப்பாத்தி மேக்கர், கயிறு இழுத்தால் காய் நறுக்கும் டப்பா எல்லாம் அதில் இருந்தன.

கடைக்குள் நுழையும் முன் காபி குடிக்க உட்கார்ந்தோம். அங்கேயே அவளிடம் மூன்று விஷயம் கேட்டேன். வாரத்தில் எத்தனை நாள் இதை எடுப்பாய்? கழுவித் துடைத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கெட்டுப்போனால் உங்கள் ஊரில் யார் சரி செய்வார்கள்? ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள். ஆறுதான் மிஞ்சின.

முதலில் கிரைண்டர். எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அப்படி விளைந்த உளுந்தை மிக்சியில் போட்டால் எனக்கு மனசு ஆறாது. மிக்சியின் பிளேடு வேகமாகச் சுற்றுவதால் மாவு சூடாகிவிடும். கல் மெதுவாகச் சுற்றும். மாவு சூடேறாமல், காற்று உள்ளே போய்ப் பொங்கி வரும். ஒரு கிண்ணம் தண்ணீரில் மாவை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மிதந்தால் சரி, வழித்துவிடலாம். இரண்டு மூன்று பேருக்கு 2 லிட்டர் டேபிள் டாப் போதும். ஆனால் கடையில் நின்று வேடிக்கை பார்த்தால் போதாது. கல்லை நீங்களே தூக்கிப் பாருங்கள், பாத்திரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அங்கே கை வலித்தால் வீட்டில் தினமும் வலிக்கும். வாங்கி வந்ததும் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, கல் தூள் போகும்வரை அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும்.

மிக்சியில் எல்லோரும் வாட்ஸ் பார்க்கிறார்கள். மஞ்சள், மல்லி, மிளகு என்று காய்ந்த சாமான் நிறைய அரைக்கிற வீட்டுக்கு 750 நல்லது. சட்னி, தேங்காய் அரவைக்கு 500 போதும். நான் பார்ப்பது ஜாரின் அடிப்பக்கத்தை. அங்கே பல் பல்லாக ஒரு கப்ளர் இருக்கும். மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்துவது அதுதான், முதலில் தேய்வதும் அதுதான். அந்தக் கப்ளரும் ஜாரின் வாஷரும் உங்கள் ஊர் ரிப்பேர் கடையில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். ஒரு தடவை பேர் தெரியாத மிக்சி ஒன்றை விலை குறைவு என்று வாங்கிவிட்டேன். கப்ளர் எங்கும் கிடைக்காமல் நல்ல மோட்டார் சும்மா கிடந்தது. இன்னொன்று: அரைக்கும்போது திடீரென்று நின்றால் பதறாதீர்கள். பல மிக்சிகளின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஜாரில் உள்ளதில் பாதியை எடுத்துவிட்டு, சூடு ஆறியதும் அதை அமுக்கினால் ஓடும்.

குக்கரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். சாதம் வடிக்கிற வீடு எங்களுடையது, பருப்புக்கும் கிழங்குக்கும் 3 லிட்டர் தாராளம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும். அன்றைக்கே கூடுதலாக ஒரு கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் வாங்கிவிடுங்கள். பருப்பைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை ஏறி வால்வை அடைக்கும்.

தோசைக்கல் இரும்பில்தான். கடையின் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தோம். ஆடாமல் உட்கார்ந்ததை எடுத்தோம். மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறப்போட்டு, தினமும் கஞ்சியை மாற்றி, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, பாதி வெங்காயத்தால் தேய்க்க வேண்டும். முதல் நான்கைந்து தோசை பிய்யத்தான் செய்யும்.

அரிவாள்மணையைச் சீட்டில் நான்தான் சேர்த்தேன். நுனியில் துருவல் பல் உள்ளது. காய் நறுக்க, தேங்காய் துருவ, வாழைப்பூ ஆய என்று அத்தனைக்கும் அது ஒன்றே. அந்தக் கயிறு டப்பாவுக்கு அப்புறம் வேலையே இல்லை.

மின்சாரத்தை மட்டும் நம்பிச் சமையலறை வைக்காதீர்கள் என்பதில் நான் பிடிவாதம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மன்னார்குடி பக்கத்தில் எங்கள் தெருவில் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவி, அதில் அரைத்த துவையலைத்தான் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். ஃபிளாட்டில் அம்மி போட முடியாது, சரி. ஒரு சின்ன இடிகல்லாவது இருக்கட்டும்.

கடைசியாக, ரசம் வைக்க ஈயச் சொம்பு. அவளுக்கு என் சீர் அது. ஈயம் என்று வாங்கும்போது கவனம் வேண்டும். சொம்புக்கு உரியது வெள்ளீயம், அதாவது டின். காரீயம், அதாவது லெட், விஷம். வெள்ளைத் தாளில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். விழாவிட்டாலும் பல வருஷம் பழகிய கடையில், பில் போட்டு மட்டும் வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கண் எதிரே குழைந்து ஓட்டை விழும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், தீ சொம்பின் அடியைத் தாண்டி மேலே ஏறக்கூடாது. தாளிப்பது வேறு கரண்டியில்.

மறுநாள் காலையில் போன் வந்தது. அடுப்பு முன்னால் நின்றுகொண்டே பேசினாள்.

"சித்தி, கொதிக்க விடணுமா?"

"வேண்டாம்மா. மேலே மஞ்சளா நுரை கூடி வருதா?"

"வருது."

"இறக்கிடு. கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடி வை."