குதிரையின் காது விடைக்க ஒரு கனைப்பு போதும்

குதிரையையும் வளர்ப்பவரையும் சேர்த்துப் படமெடுக்கிறீர்களா? இன்னொரு குதிரை கனைக்கும் ஒலியை மொபைலில் வைத்துக்கொண்டு, க்ளிக் செய்யும் நொடியில் கேமராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒலிக்கவிடுங்கள். சத்தம் வரும் பக்கம் குதிரை காதைத் திருப்பும்; கழுத்து நிமிரும், கண்ணிலும் துடிப்பு வரும். காது பின்னால் படிந்திருந்தால் எவ்வளவு பாசமான படமும் முறைப்பாகத்தான் தெரியும். ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரை என்றால், உள்வளைந்த இரண்டு காது நுனியும் ஒன்றையொன்று தொடும் அழகும் சேர்ந்து கிடைக்கும்.

இரண்டு மூன்று தடவைக்கு மேல் பலிக்காது, பழகிவிடும். மிரளும் குதிரை, காயடிக்காத ஆண் குதிரை, முதுகில் குழந்தை என்றால் வேண்டவே வேண்டாம். அப்புறம், குதிரை வளர்ப்பவரின் தோளில் தலை சாய்த்து அரைக்கண் மூடி நிற்கிறதா? மொபைலைப் பையிலேயே வையுங்கள். தளர்ந்த காதுதான் அந்தப் படத்துக்குச் சரி.