கருவண்டுக்கு ஒரு பட்ட மரம் விடுங்கள்

பூசணியில் பூ நிறைய, காய் இல்லை. கொடித்தோடை (பாஷன் பழக்கொடி) வேலி முழுக்கப் படர்ந்தும் பிஞ்சு நிற்கவில்லை. உடனே உரத்தைக் கூட்டாதீர்கள். பூவுக்கு யார் வந்து போகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகள் புகழும் பம்பிள்பீ குளிர்நாட்டுத் தேனீ, இலங்கையில் இல்லை. அதன் வேலையை நம் வளவில் செய்பவை மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கறுப்புத் தேனீயான கருவண்டும், வயிற்றில் நீலக்கோடு போட்ட சிறு தேனீயும். கத்தரிப் பூவின் மகரந்தம் மஞ்சள் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும். நுனித் துளை வழியாக மட்டுமே வெளிவரும். நீலக்கோட்டுத் தேனீ பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவிடும்போது அது மாவாக உதிர்கிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த அதிர்வு வராது. கொடித்தோடைக்கோ பெரிய முதுகு வேண்டும்: கருவண்டு தேன் குடிக்கக் குனியும்போதுதான் மகரந்தம் முதுகில் அப்பி, அடுத்த பூவின் சூலகமுடியில் படும். மஞ்சள் கொடித்தோடை தன் மகரந்தத்தில் காய்க்காது. விதையில் முளைத்த வேறொரு கொடியும் பக்கத்தில் இருக்கட்டும்.

கருவண்டுக்குத் தேவை காய்ந்த மரம். 4 முதல் 6 அங்குலத் தடிப்பில் 3 அடி நீளமான பட்ட மாங்கொம்பை மழை படாத இடத்தில் கட்டுங்கள். பாலை போன்ற வைரமரம் வேண்டாம், பெயின்ற் பூசவும் வேண்டாம். துளையை அதுவே போடும்; கீழே மரத்தூள் சிந்தியிருந்தால் குடிவந்துவிட்டது. பக்கத்தில் 12 முதல் 18 மில்லிமீற்றர் துளையுள்ள மூங்கில் துண்டுகளையும் 8 அங்குலத்துக்கு வெட்டிக் கட்டலாம்; பின்பக்கக் கணு அடைத்திருக்க வேண்டும். கூரைக் கைமரத்தைத் துளைக்கிறது என்று கருவண்டை அடிப்பவர்கள் உண்டு. கைமரத்துக்குப் பெயின்ற் அடித்து, கொம்பைக் கொடுத்தால் போதும். ஆண் கொட்டவே கொட்டாது. பெண்ணும் கையில் அகப்பட்டு நசுங்கினால்தான் கொட்டும்.

நீலக்கோட்டுத் தேனீ மண்ணில் குடையும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையின் மணல் சரிந்துவிடும், அதில் வளை நிற்காது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல் களியில் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு குழைத்து, ஓரடிப் பெட்டியில் அமுக்குங்கள். ஈரம் இருக்கும்போதே பென்சிலால் ஒன்றரை அங்குல ஆழத்துக்குக் குத்தி, ஒரு கிழமை நிழலில் காயவிட்டு, பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். காய்ந்ததும் நகத்தால் கீறினால் தூள் வர வேண்டும். வராவிட்டால் களி கூடிவிட்டது. உடைத்து மணல் சேருங்கள். சீமெந்து ஒரு கரண்டிகூடச் சேர்க்கக் கூடாது.

திசையில்தான் பலர் பிழை விடுகிறார்கள். காலை வெயில் வேண்டும் என்று கிழக்கே திருப்பினால், மாரியில் வாடைக்காற்றோடு வரும் சாரல் நேரே உள்ளே அடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். தாழ்வாரத்தின் கீழ், தென்கிழக்கு பார்த்து வையுங்கள். தொங்கவிடும் கம்பியில் கிறீஸ் தடவினால் எறும்பு ஏறாது. கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் கூழாங்கல் போட்ட தட்டையான மண்சட்டியில் தண்ணீர் வைத்து, 2 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தீனிக்குத் துளசியைப் பூக்கவிடுங்கள். வேலியோரத் தும்பையையும் தொட்டாற்சுருங்கியையும் முழுதாகச் செருக்கி எறியாதீர்கள். சுவர் வெடிப்பில் பிசின்குழாய் நீட்டியிருக்கும் கொசுத்தேனீக் கூட்டைப் பூசி அடைக்காதீர்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுதுபட்ட பிறகு, வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும். இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிமருந்து செடிக்குள் ஊறித் தேனிலும் கலக்கும். பூக்கும் பயிருக்கு அது வேண்டவே வேண்டாம்.

எல்லாக் குறைக்கும் தேனீ காரணமில்லை. பூசணி முதலில் பெரும்பாலும் ஆண்பூவே பூக்கும். கத்தரியில் சூல்தண்டு கட்டையான பூ எப்படியும் உதிரும். பிஞ்சு மஞ்சளித்து விழுந்தால் பிளந்து பாருங்கள்: புழு இருந்தால் பழ ஈ, இல்லாமல் நுனியிலிருந்து வதங்கியிருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. வண்டு வரும்வரை, பூசணிக்குக் காலை 6 முதல் 8 மணிக்குள் ஆண்பூவின் இதழை உரித்துப் பெண்பூவின் நடுவில் ஒற்றுங்கள். பீர்க்கும் சுரையும் பின்னேரம் விரிபவை. அவற்றுக்கு இருட்டும் வேளையில் செய்யுங்கள்.