உண்ணி கணக்கெடுப்புக்கு ஒரு வெள்ளைத் துணி
1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட, உண்ணிக் கடியால் பரவும் குரங்குக் காய்ச்சல் பின்னர் வயநாடு, கோவா வரை தென்பட்டிருப்பதால், மேற்குத் தொடர்ச்சி மலையோரங்களில் உண்ணிகளைத் தொடர்ந்து கண்காணிப்பது அவசியமாகிறது. களப்பணிக்குச் செல்வோர் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, ஒரு மீட்டர் அகல வெள்ளை ஃபிளானல் துணியைக் கம்பில் கட்டி, பனி உலர்ந்த பிறகு சருகின்மேல் மெதுவாக இழுத்து, சில அடிகளுக்கொருமுறை அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இளம் உண்ணிகள் கடுகைவிடச் சிறியவை. அவசரப்பட்டால் கண்ணில் படாது. இனம் பிரித்தறிய, அவற்றை இடுக்கியால் எடுத்து எரிசாராயக் குப்பியில் இட்டு, தேதியும் இடமும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள் (பேனா மை கரைந்துவிடும்). எதுவும் சிக்காத நாளையும் பதிவுசெய்யுங்கள். அடுத்த பருவத்தில் அதே இடத்தில் உண்ணி கிடைத்தால், அது புதுவரவு எனக் கருத அந்தப் பதிவே ஆதாரம்.