நாஸ் ஃபோல்டர் திறக்கிறது, சேவ் மட்டும் ஆகவில்லையா? பர்மிஷனில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

காரைக்குடியில் என் மைத்துனர் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நாலு கம்ப்யூட்டர், ஒரு மேக், ஸ்கேனரும் சேர்ந்த ஒரு பிரிண்டர், எல்லாவற்றுக்கும் நடுவில் ரெண்டு டிஸ்க் போட்ட ஒரு நாஸ், அதாவது நெட்வொர்க்கில் எல்லாரும் ஃபைல் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பெட்டி. முகூர்த்த சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை போன் வந்தது. "அத்தான், ஆல்பம் ஃபோல்டர் திறக்குது, படம் எல்லாம் தெரியுது, சேவ் பண்ணா மட்டும் பர்மிஷன் இல்லைங்குது. என் சிஸ்டம்ல நல்லாத்தான் இருக்கு, டிசைன் பண்ற தம்பியோடதுலதான் இப்படி."

இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழுந்தபோது இருட்டிவிட்டது. அந்த மதியத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம் என்றுதான் இது. நாஸின் ஐபியைக் கண்டுபிடிப்பது, அட்மின் பக்கத்துக்குள் போவது, யூசர் உருவாக்குவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைப் போனில் சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதியிருக்கிறேன், அப்படியே ஆங்கிலத்தில் டைப் செய்துகொள்ளுங்கள்.

படி 1: கதவைத் தட்டுவது யார்?

நான் செய்த தப்பை முதலில் சொல்கிறேன். நேராக நாஸுக்குள் போய் டிசைனர் தம்பியின் யூசருக்கு ஆல்பம் ஃபோல்டரில் படிக்க, எழுத இரண்டும் கொடுத்தேன். ஏற்கெனவே கொடுத்துத்தான் இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். அட்மின் குழுவிலேயே சேர்த்துப் பார்த்தேன். நாஸை ரெண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தேன், அதற்குள் மைத்துனர் சேவ் செய்துகொண்டிருந்த ஒரு ஃபைலும் போய், அதற்கு வேறு பேச்சு வாங்கினேன். எதற்கும் அசையவில்லை.

கடைசியில் வேறு எதையோ தேடப்போய், நாஸின் அட்மின் பக்கத்தில் இப்போது இணைந்திருப்பவர்கள் பட்டியலைத் திறந்தேன். தம்பியின் கம்ப்யூட்டர் 192.168.1.23. அந்த வரியில் யூசர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தம்பியின் பெயர் இல்லை. 'ஸ்கேன்' என்று இருந்தது.

பிரிண்டரிலிருந்து ஸ்கேன் ஆகும் ஃபைல்கள் நாஸில் வந்து விழுவதற்காக ஒரு காலத்தில் உருவாக்கிய யூசர் அது. அந்த ஃபைல்களை எடுக்க யாரோ இந்தக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் யூசராக லாகின் செய்து, பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள் என்ற கட்டத்தில் டிக்கும் போட்டிருக்கிறார்கள். விண்டோஸ் ஒரு சர்வரோடு ஒரு நேரத்தில் ஒரே ஒரு யூசராகத்தான் பேசும். அதனால் தம்பி ஆல்பம் ஃபோல்டரைத் திறந்தபோதும் அது ஸ்கேன் பெயரிலேயே போய் நின்றது. ஸ்கேனுக்கு ஆல்பத்தில் படிக்க மட்டும்தான் அனுமதி, அதனால்தான் படம் தெரிந்தது, சேவ் ஆகவில்லை. நாஸ் பக்கம் எல்லாமே சரியாக இருந்தது. நான் மூன்று மணி நேரம் வேறொருவர் வீட்டுப் பூட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகவே எந்த அனுமதியையும் தொடும் முன், அந்தப் பட்டியலைத் திறந்து உங்கள் கம்ப்யூட்டரின் ஐபிக்கு நேரே என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நாஸ் உங்கள் கையில் இல்லையென்றால் விண்டோஸிலேயே பார்க்கலாம்: பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து 'கெட்', ஒரு சிறுகோடு, 'எஸ்எம்பிகனெக்‌ஷன்' என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் எந்த சர்வரோடு எந்தப் பெயரில் பேசுகிறது என்று வரும்.

படி 2: பழைய பெயரை மறக்கடிப்பது

நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் (விண்டோஸ் நினைவில் வைத்த பாஸ்வேர்ட்களின் பட்டியல்), அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். நாஸின் பெயரில் ஒரு வரி இருக்கும், நீக்குங்கள். அதோடு நிறுத்தாதீர்கள், நாஸின் ஐபியிலும் தனியாக இன்னொரு வரி இருக்கலாம். பெயரால் போவதையும் ஐபியால் போவதையும் விண்டோஸ் இரண்டு வேறு சர்வர்களாகவே நினைக்கிறது. தம்பியின் கம்ப்யூட்டரில் இரண்டும் இருந்தன, நான் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு இன்னும் அரைமணி நேரம் தலையைச் சொறிந்தேன்.

அடுத்து கமாண்ட் பிராம்ப்ட். அதை சாதாரணமாகவே திறங்கள், அட்மினாக வேண்டாம். நெட், ஸ்பேஸ், யூஸ், ஸ்பேஸ், நட்சத்திரக் குறி, ஸ்பேஸ், சாய்கோடு, டெலீட். இப்போது இருக்கும் இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும், திறந்திருக்கும் ஃபைல்களை முன்னாலேயே மூடிவிடுங்கள். அப்புறம் ஒருமுறை லாக் ஆஃப் செய்து உள்ளே வாருங்கள். இதைத் தவிர்த்துவிடலாம் என்று தோன்றும். தவிர்க்காதீர்கள், பட்டியலில் காட்டாத இணைப்பு ஒன்று பின்னால் உயிரோடு இருந்துகொண்டு பழைய பெயரிலேயே மறுபடி உள்ளே போய்விடும்.

இப்போது டிரைவை மறுபடி இணைக்கும்போது வேறு கிரெடென்ஷியல் என்ற கட்டத்தில் டிக் போட்டு, யூசர் பெயரை வெறுமனே எழுதாமல் நாஸின் பெயர், பின்சாய்கோடு, யூசர் பெயர் என்று எழுதுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் சில சமயம் விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரையோ மைக்ரோசாஃப்ட் கணக்கையோ முன்னால் ஒட்டி அனுப்பிவிடும், நாஸ் அதை யாரென்றே தெரியாது என்று திருப்பிவிடும்.

ஒரே யூசர் இரண்டு பெயரில் இணைய முடியாது என்று 1219 எண்ணுள்ள பிழை வந்தால் பயப்பட வேண்டாம், பழைய இணைப்பு இன்னும் அறுபடவில்லை என்றுதான் அர்த்தம். இந்தப் படியை மேலிருந்து மறுபடி செய்யுங்கள்.

இதைச் சோதிக்க என்னென்னவோ மென்பொருள் சொல்வார்கள். எனக்குப் பிடித்த கருவி போன்தான். ஆண்ட்ராய்டில் சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், ஐபோனில் அதிலேயே வரும் ஃபைல்ஸ் ஆப். நாஸுக்கு அதுவரை இணைக்காத ஒரு போனில் பழைய பாஸ்வேர்ட் எதுவும் தேங்கியிருக்காது. அதில் தம்பியின் பெயரில் நுழைந்து ஒரு சின்ன ஃபைலைப் போட்டுப் பாருங்கள். போனில் எழுத முடிந்தால் கோளாறு கம்ப்யூட்டரில், அங்கும் முடியவில்லை என்றால் நாஸில். இந்த ஒரு நிமிஷ சோதனையை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு சனிக்கிழமை மிஞ்சியிருக்கும்.

படி 3: கோளாறு நாஸில்தான் என்றால்

இரண்டு கதவு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தெருக்கதவு ஷேருக்கான, அதாவது நாஸ் நெட்வொர்க்கில் பகிரும் மேல் ஃபோல்டருக்கான அனுமதி, உள்ளே அறைக்கதவு அந்தந்த ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் உள்ள அனுமதி. இரண்டும் திறந்தால்தான் உள்ளே போக முடியும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷேரில் எழுத அனுமதி கொடுத்துவிட்டு ஃபோல்டரில் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு.

குழுக்களில் ஒரு பொறி உண்டு. ஒருவர் படிக்க மட்டும் என்ற குழுவிலும், எழுதலாம் என்ற குழுவிலும் இருந்தால் எழுதலாம். ஆனால் எங்காவது ஒரு குழுவில் நுழையவே கூடாது என்று டிக் இருந்தால் அதுதான் எல்லாவற்றையும் வெல்லும், தனியாக அவர் பெயரில் என்ன கொடுத்திருந்தாலும் சரி. மறுப்பு டிக்கை நான் எங்கேயும் பயன்படுத்துவதே இல்லை, அனுமதி கொடுக்காமல் விட்டாலே போதும். புதிதாகக் குழுவில் சேர்த்தவர் ஒருமுறை இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி வரவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், உள்ளே நுழைந்தபோது எந்தெந்தக் குழுவில் இருந்தாரோ அதுதான் அந்த இணைப்பு முடியும்வரை.

சினாலஜி நிறுவன நாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: ஃபைல் ஸ்டேஷனில் ஃபோல்டரின் பிராப்பர்டீஸுக்குள் பர்மிஷன் பகுதியில், மேம்பட்ட விருப்பங்களில் பர்மிஷன் இன்ஸ்பெக்டர் இருக்கிறது. யூசர் பெயரைக் கொடுத்தால் கூட்டிக்கழித்துக் கடைசியில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று காட்டிவிடும். நீங்களாக மனக்கணக்குப் போடுவதைவிட அது மேல்.

படி 4: சில ஃபைல்கள் மட்டும் அடம்பிடித்தால்

ஃபோல்டர் சரியாக இருக்கிறது, புது ஃபைல் சேவ் ஆகிறது, ஆனால் அதற்குள் ஏற்கெனவே இருக்கும் நாலைந்து மட்டும் திறக்கவில்லை என்றால் அவை வேறு இடத்திலிருந்து வந்தவையா என்று கேளுங்கள். ஒரே வால்யூமுக்குள் (நாஸின் டிஸ்க் இடத்தில் ஒரு பகுதி) கட் செய்து பேஸ்ட் செய்தால் ஃபைல் தன் பழைய அனுமதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வரும். காப்பி செய்தால் புது ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். மைத்துனர் தன் பெயரில் மட்டும் திறக்கும் ஃபோல்டரிலிருந்து ஒரு கல்யாணத்தை அப்படியே நகர்த்தியிருந்தார், தம்பிக்கு அந்தக் கல்யாணம் மட்டும் பூட்டு.

தீர்வு, அந்த ஃபோல்டரின் அனுமதியைக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அமல்படுத்து என்ற டிக். அந்த ஃபோல்டருக்கு மட்டும். சோம்பலில் நான் ஷேரின் உச்சியிலேயே டிக் போட்டு ஓகே கொடுத்தேன், லட்சக்கணக்கான படம், ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்தபோது பூட்டியிருந்த கணக்கு ஃபோல்டரும் எல்லாருக்கும் திறந்துகொண்டது, அதில் சம்பளப் பட்டியல் இருந்தது. திங்கட்கிழமை ஸ்டூடியோவில் கொஞ்சம் சூடான பேச்சு நடந்ததாகக் கேள்வி.

எல்லாருக்கும் முழு அனுமதி கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே என்று பலர் சொல்வார்கள், லினக்ஸ்காரர்கள் 777 என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ரேன்சம்வேர் புகுந்தால் அது எழுத முடிகிற ஃபைல்களை எல்லாம் பூட்டும், அவ்வளவுதான் அதன் எல்லை. எல்லாருக்கும் எழுத அனுமதி என்றால் நாஸ் முழுவதும் அதன் எல்லை. எஸ்எஸ்ஹெச்சில் (கட்டளை அடித்து நாஸுக்குள் வேலை செய்யும் வழி) நுழைந்து அனுமதி எண்ணை மாற்றும் பழக்கமுள்ளவர்களும் கவனிக்கவும்: ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற விரிவான பட்டியல்) வைத்திருக்கும் சில நாஸ்களில் அந்தக் கட்டளை, அட்மின் பக்கத்தில் போட்டுவைத்த ஏசிஎல்லைத் துடைத்துவிடும். அட்மின் பக்கத்திலேயே செய்யுங்கள்.

பிறகு சேர்த்தது

எழுதிய பிறகு பலரும் கேட்டவை.

விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2க்கு மாறியதும் பாஸ்வேர்ட் இல்லாத ஷேர் திறக்கவில்லை, நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினரைத் தடுக்கிறது என்று வருகிறது, எனக்கு எந்த நிறுவனம் என்று ஒருவர் கேட்டிருந்தார். நிறுவனம் எதுவும் இல்லை, பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைவதை அந்தப் பதிப்பு இயல்பாகவே மூடிவைத்திருக்கிறது. அதைத் திறக்கும் வழி இணையத்தில் கிடைக்கும், ஆனால் நாஸில் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் போட்டுக்கொள்வது அதைவிடச் சின்ன வேலை.

பின் எண் போட்டு விண்டோஸுக்குள் போகிறவர்கள் அதே எண்ணை நாஸ் கேட்கும் இடத்திலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும். நாஸ் கேட்பது நாஸில் போட்ட பாஸ்வேர்ட்.

மேக்கில் இதே கதை, பாஸ்வேர்ட்களைச் சேமித்துவைக்கும் கீசெயினில் நடக்கும். அங்கே நாஸ் பெயரைத் தேடி நீக்கிவிட்டு, ஃபைண்டரில் கமாண்டும் கே எழுத்தும் அழுத்தி மறுபடி இணைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸிலிருந்து என்எஃப்எஸ் (லினக்ஸில் வழக்கமான ஃபைல் பகிர்வு முறை) வழியாக வருபவர்களுக்குப் பெயர் ஒன்றாக இருந்தும் அனுமதி இல்லை என்று வந்தால் எண்ணைப் பாருங்கள். வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பில் நாஸ் பெயரைப் பார்ப்பதில்லை, யூசரின் எண்ணைத்தான் பார்க்கிறது. உங்கள் லினக்ஸில் முதல் யூசர் பெரும்பாலும் 1000, சினாலஜியில் நீங்கள் உருவாக்கும் முதல் யூசர் 1026. இரண்டு பக்கமும் 'ஐடி' என்று அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டாக்கர் கன்டெய்னர்கள் நாஸ் ஃபோல்டரில் எழுத மறுப்பதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான்.

கடைசியாக எனக்கே வந்த சிக்கல். இனி யாரும் அதில் நுழையக் கூடாது என்று ஸ்கேன் யூசரின் பாஸ்வேர்டை மாற்றினேன், மறுநாள் பிரிண்டரிலிருந்து ஸ்கேன் வருவது நின்றது. பிரிண்டரின் முகவரிப் புத்தகத்திலும் பழைய பாஸ்வேர்ட் உட்கார்ந்திருந்தது. அதை மாற்றினேன், அப்போதும் வரவில்லை. நாஸை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தார் அத்தான் என்று இப்போதும் கேலி நடக்கிறது, அதில் ஒரு ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் நான் குறைந்தபட்ச எஸ்எம்பி (நாஸும் மற்ற கருவிகளும் ஃபைல் பரிமாறப் பேசும் மொழி) பதிப்பை இரண்டு என்று ஏற்றிவைத்ததை மறந்தே போயிருந்தேன். அந்தப் பழைய பிரிண்டருக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான், ஒரு பிரிண்டருக்காக நாஸ் முழுவதும் அதைத் திறந்துவிட மனம் வரவில்லை. நாஸில் எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறையை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்து, ஸ்கேன் யூசருக்கு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் கொடுத்து, பிரிண்டரில் எஃப்டிபி முகவரியைப் போட்டேன். முதல் ஸ்கேன் தலைகீழாக வந்து விழுந்தது. காகிதத்தைத் தலைகீழாக வைத்தது மைத்துனர்.