ஊட்டிக்குப் போங்கள், குன்னூரில் தங்குங்கள்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் போதும், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் "ஊட்டி போலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முதல் தடவை போனபோது ஒரே நாளில் ஏழு இடம் பார்ப்பதாகத் திட்டம். தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன், ரோஜாத் தோட்டம், ஏரி, பைக்காரா என்று பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பி, கடைசியில் அதிக நேரம் பார்த்தது எங்களுக்கு முன்னால் நின்ற வேனின் பின்பக்கத்தைத்தான். அம்மா முழங்காலைப் பிடித்தபடி காரிலேயே உட்கார்ந்திருந்தார். சின்னவள் மலை ஏறி முடிப்பதற்குள் இரண்டு முறை வாந்தி. "இதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தோமா?" என்று அம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை போய்விட்டோம், இப்போது ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. தங்குவது குன்னூரில், ஊட்டிக்கு ஒரே ஒரு பகல், ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் கிடையாது. இரண்டு ராத்திரி, மூன்று பகல், கூடவே வயதானவர் ஒருவரும் சின்னப் பிள்ளைகளும், இதுதான் உங்கள் கணக்கு என்றால் மேலே படியுங்கள். இளவட்டங்கள் நாலு பேர் பைக்கில் போவதற்கு நான் யோசனை சொல்ல முடியாது.

ஏன் குன்னூர் என்றால், ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே குளிர் கூடும், அதனால் இந்த நானூறு மீட்டர் வித்தியாசம் ராத்திரியில் நன்றாகவே தெரியும். ஊட்டியில் அம்மா இரண்டு கம்பளிக்குள்ளும் நடுங்கினார், குன்னூரில் ஒரு ரஜாய் போதுமாக இருந்தது. அதோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது முதலில் வருவது குன்னூர்தான், வாந்தி எடுக்கிற பிள்ளைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் மிச்சம்.

எப்போது போவது? ஏப்ரல், மே மாதங்களில் போகாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, ஸ்கூல் லீவு அப்போதுதான் விடுகிறார்கள். அப்படியானால் சனி, ஞாயிறை விட்டுவிட்டுத் திங்கள் முதல் புதன் வரை போங்கள், மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களைத் தவிருங்கள். எனக்குப் பிடித்தது பிப்ரவரி கடைசியும் மார்ச் முதல் பாதியும். வானம் தெளிவாக இருக்கும், உறைபனிக் குளிரும் விட்டிருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம்தான் போட்டுத் தாக்கும், மண் சரிந்து ரோடும் ரயில் பாதையும் அடைபடுவது அந்த மாதங்களில்தான். தீபாவளி லீவுக்கு ரூம் போடுவதென்றால் இதை யோசித்துப் போடுங்கள்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. 2025 கோடையில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அதனால் ரூம் போடுகிற அன்றைக்கே பாஸும் போட்டுவிடுங்கள், செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டி செல்போனில் சிக்னல் தேடுகிற கும்பலில் சேர வேண்டாம். அரசு பஸ்ஸில் போனால் பாஸ் தேவையில்லை. தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை எல்லாம் மலையில் தடை. வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள், அங்கங்கே தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது.

நாங்கள் திருச்சியிலிருந்து கிளம்புவதால் கோவை ஊருக்குள் நுழைவதே இல்லை, அவிநாசியில் திரும்பி அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்விடுவோம். விடியற்காலையில் கிளம்பினால் பத்து மணிவாக்கில் மலை ஏற ஆரம்பிக்கலாம். இங்கேதான் வாந்தி விஷயத்தை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லீவைக் கெடுப்பதில் மழைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு, அவ்வளவுதான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறுங்கள். வாந்தி மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்கிற அளவில், மலை ஏறுவதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும், குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். பிள்ளை கையில் செல்போன் கொடுக்கவே கூடாது. எங்கள் சின்னவளுக்கு நான் கண்டுபிடித்த வேலை, கொண்டை ஊசி வளைவு எண்ணுவது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பர்லியார் பாதையில் பதினாலு வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை இருக்கும், அடுத்த பலகையைத் தேடித் தூரத்தில் பார்த்துக்கொண்டே வந்தால் வயிறு அடங்குகிறது. ஒன்பதாவது வளைவில் முகம் வெளுத்தது, வண்டியை அகலமான இடத்தில் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகரக் கொடுத்து, ஐந்து நிமிடம் நடக்க வைத்தோம். பதினாலையும் தாண்டிவிட்டாள். என்றாலும் ஒரு பழைய டவலும் இரண்டு தாள் பையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் அல்ல.

வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டே விஷயம். ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் கருகின வாடை வரும். இருட்டிய பிறகு கல்லாறு, குஞ்சப்பனைப் பக்கம் வண்டி ஓட்டவே வேண்டாம், யானை ரோட்டைக் கடக்கும் இடங்கள் அவை.

ரூம் போடும்போது போட்டோவைப் பார்க்காதீர்கள், போனில் கேள்வி கேளுங்கள். நாங்கள் ஒரு இடத்தில் ஏமாந்தோம். பால்கனியும் பூந்தொட்டியும் அழகுதான், ஆனால் ரோட்டிலிருந்து ரூமுக்கு நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. அம்மா ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, "இனிமே நாளைக்குத்தான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டார். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான் என்பதும் எட்டேகாலுக்குத்தான் தெரிந்தது. அதனால் கேட்க வேண்டியவை: எத்தனை படி, வெந்நீர் எத்தனை மணி வரை, கார் ரூம் வாசல் வரை வருமா, கூடுதல் ரஜாய்க்குத் தனிக் காசா, ராத்திரி சாப்பாடு அங்கேயே கிடைக்குமா. கடைசிக் கேள்வி முக்கியம். குளிரில் எட்டு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு ஹோட்டல் தேடிப் போவது கொடுமை.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிருக்கு ரூமுக்குள் கரி அடுப்பு மூட்டுவது, வெளியே கறி சுட்ட அடுப்பை அணையாத கங்கோடு உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்துவது, இரண்டும் ஆளைக் கொல்லும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாடையே தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை ஊர்களில் நடந்திருக்கிறது.

துணி எடுத்துவைக்கும்போது போன வருஷ ஸ்வெட்டரை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். எங்கள் பெரியவனுக்குக் கை முழங்கை வரைதான் வந்தது, அது தெரிந்தது மலையில். ஒரே ஒரு தடிமனான கோட்டைவிட பனியன், சட்டை, ஸ்வெட்டர் என்று அடுக்கடுக்காகப் போடுவது நல்லது, பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அந்த வெயிலையும் லேசாக நினைக்காதீர்கள், உறைக்காது, ஆனால் சாயங்காலம் மூக்கு கறுத்திருக்கும். பெரியவர்களுக்கு மப்ளர், காலுறை, வழக்கமான மாத்திரைகள். அம்மாவுக்கு மருந்துப் பெட்டி கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சரி, போய்ச் சேர்ந்தாச்சு. முதல் நாள் மதியம் சாப்பிட்டு எல்லோரும் படுத்துத் தூங்குங்கள். மூன்றரைக்குச் சிம்ஸ் பார்க். 1874-ல் தொடங்கிய பூங்கா, சரிவில் இறங்கி இறங்கிப் போகும். பெரியவர்களை மேல் வாசல் பக்கம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கீழே போய் வாருங்கள். உள்ளே ருத்திராட்ச மரம் இருக்கிறது, அம்மா அதன் அடியில் கால் மணி நேரம் விழுந்த கொட்டை தேடினார். அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ஊட்டி, கார் இல்லாமல். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலில் சீட் கிடைப்பது லாட்டரி மாதிரி, முன்பதிவு திறந்த உடனே தீர்ந்துவிடும். கிடைத்தாலும் ஊட்டி போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், சின்னப் பிள்ளைகளுக்கு அது அதிகம் என்பது என் கருத்து. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ஏறிக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், முன்பதிவில்லாத டிக்கெட்டும் ஸ்டேஷனில் கொடுக்கிறார்கள், முன்கூட்டியே போய் வரிசையில் நின்றால் போதும். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய ரயில், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவே பல்லுப் பல்லாக ஒரு இரும்புப் பட்டை இருக்கும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். குன்னூர் ஸ்டேஷனில் நீராவி எஞ்சின் நின்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் கூட்டிப்போய் அந்தச் சக்கரத்தைக் காட்டுங்கள். பெரியவன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, "அம்மா, ஜிப் மாதிரி இருக்கு" என்றான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி வரும்போது பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறித் தோட்டம் கட்டம் கட்டமாகத் தெரியும், அந்த நேரத்தில் செல்போனில் படம் எடுப்பதற்காகக் கையை வெளியே நீட்ட விடாதீர்கள்.

ஊட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்து நேராக பொட்டானிக்கல் கார்டன். 1848-ல் உருவாகத் தொடங்கியது, 55 ஏக்கர், முழுவதையும் நடக்க நினைக்காதீர்கள். கீழே உள்ள புல்வெளி, கண்ணாடி வீடு, இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய கல்லாகிப்போன மரம், இது போதும். மதியம் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் கேட்டால் ஏரியில் ஒரு போட். அது கலெக்டர் சல்லிவன் காலத்தில், 1824-ல் வெட்டத் தொடங்கிய ஏரி. தண்ணீரைப் பார்த்துப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு போட் என்றால் போட். நாலு மணிக்குள் பஸ் பிடித்தால் வெளிச்சத்திலேயே குன்னூர் வந்துவிடலாம்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கே ரூமைக் காலி செய்துவிட்டு லேம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் என்ற இரண்டு காட்சிமுனைகள். இரண்டும் ஒரே ரோட்டில், தேயிலைக்கு நடுவே. சீக்கிரம் போகச் சொல்வதற்குக் காரணம் மூடுபனி. எட்டு, எட்டரைக்கு எதிரே கேத்தரின் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும், பத்துக்கு மேல் போனால் பல நாள் வெள்ளைச் சுவர்தான். குரங்கு அதிகம், கையில் பாக்கெட் எதுவும் வேண்டாம். வழியில் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், மாடு மாதிரி சாதுவாகத் தெரியும். காரிலிருந்து இறங்காதீர்கள்.

திரும்புவது கோத்தகிரி வழியாக. சீசனில் ஏறுவது குன்னூர் பாதை, இறங்குவது கோத்தகிரிப் பாதை என்று ஒருவழியாக்கிவிடுவார்கள், இல்லாவிட்டாலும் அந்த ரோட்டில் நெரிசல் குறைவு. கோடநாடு காட்சிமுனைக்கு ஆசைப்பட்டு விலகிப் போனால் மேட்டுப்பாளையம் வர இருட்டிவிடும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட், டீத்தூள், கொஞ்சம் காய்கறி. வர்க்கியைப் பேக்கரியில் அன்றைக்குச் சுட்டதா என்று கேட்டு வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும், டிக்கியில் போட்டால் வீட்டில் தூளைத்தான் ஸ்பூனில் அள்ளித் தின்ன வேண்டும். சாக்லேட் வாங்கினால் மலையிலேயே தின்று தீருங்கள், எங்களுடையது கரூர் தாண்டும்போது பெட்டிக்குள் ஒரே கட்டியாகியிருந்தது. இறங்கும்போது காது அடைக்கும், பிள்ளைகளுக்கு வாயில் மிட்டாய் கொடுங்கள், கைக்குழந்தைக்குப் பால். மேட்டுப்பாளையத்தில் கண்ணாடியை இறக்கியதும் அனல் முகத்தில் அடிக்க, அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டே, "அடுத்த தடவ அந்த ருத்திராட்ச மரத்துக்கிட்ட இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க" என்றார்.